இரும்பு–மாங்கனீசு உருண்டைகளும் நுண்ணுயிரிகளும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நிலவியல் பாடம் எடுக்கிறேன். ஆழ்கடல் சுரங்கம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் மாணவர்களும் தெரிந்தவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். "கடலடியில் கிடக்கும் அந்த உருண்டைகளை பாக்டீரியாதான் கட்டுகிறதாமே?" என்பது அவற்றில் முதலிடம் பிடிக்கும். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடித்தால் இரண்டுமே தவறாகிவிடும். எந்த உருண்டை, எங்கே கிடக்கிறது என்று பார்த்த பிறகே பதில் சொல்ல முடியும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

1. மாங்கனீசு உருண்டைன்னா என்ன சார்? கல்லா, உலோகமா?

கல்தான். பெரும்பாலும் உருளைக்கிழங்கு அளவில், கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில், மென்மையான சேற்றில் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் கிடக்கும். குறுக்கே அறுத்தால் நடுவில் ஒரு கரு தெரியும். அது ஒரு சுறாப் பல்லாகவோ, எரிமலைப் பாறைத் துணுக்காகவோ, திமிங்கலத்தின் காது எலும்பாகவோ, உடைந்த பழைய உருண்டையின் சில்லாகவோ இருக்கலாம். அதைச் சுற்றி மாங்கனீசு ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். கொஞ்சம் நிக்கல், செம்பு, கோபால்ட்டும் உண்டு.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி ஆய்வு செய்த சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல்தான் இவற்றை முதலில் அள்ளி மேலே கொண்டுவந்தது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையிலுள்ள கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதி, பெரு நாட்டுக் கடற்படுகை, மத்திய இந்தியப் பெருங்கடல் படுகை ஆகிய இடங்களில் இவை ஏராளமாகக் கிடக்கின்றன. நம் நாட்டின் கவேஷணி ஆய்வுக் கப்பல் 1981 ஜனவரி 26 அன்று அரபிக் கடலில் முதல் உருண்டைகளை எடுத்தது.

2. தண்ணீர்ல கரைஞ்சிருக்கிற உலோகம் எப்படிக் கல்லா மாறும்?

எலக்ட்ரான் கணக்குதான். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் மாங்கனீசு தண்ணீரில் தாராளமாகக் கரையும். மேலும் ஒன்றையோ இரண்டையோ ஆக்சிஜன் பறித்துவிட்டால் அது கரையாத கறுப்பு ஆக்சைடாகி, கிடைத்த பரப்பின் மேல் படிந்துவிடும். இரும்புக்கும் இதே கதைதான். அங்கே மூன்றாவது எலக்ட்ரான் போனதும் துரு நிறத்தில் படிவு விழும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இது வேண்டும். ஆக்சிஜன் நிறைந்த கடல்நீரில் கரைந்த இரும்பு நிமிடக் கணக்கில் துருவாகிவிடும். மாங்கனீசு அப்படி இல்லை. ஆக்சிஜன் பக்கத்திலேயே இருந்தாலும், வேறு தூண்டுதல் ஏதும் இல்லாவிட்டால் வருடக் கணக்கில் கரைந்தபடியே இருக்கும்.

3. அப்போ பாக்டீரியாவுக்கு இதுல என்ன வேலை?

அந்தத் தாமதத்தை உடைப்பதுதான். மாங்கனீசை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாக்கள் இருக்குமிடத்தில், வருடங்கள் பிடிக்கும் வினை மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் முடிகிறது. வேகம் பல்லாயிரம் மடங்கு கூடுகிறது. இந்த உருண்டைகளிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து ஆராயும் பணியை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஹென்றி எர்லிக் 1960-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

4. அத எப்படிச் செய்யுது? கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

வழி ஒன்றல்ல. சில பாக்டீரியாக்களிடம் செம்பு அணுக்கள் கொண்ட ஆக்சிடேஸ் நொதிகள் உள்ளன. அவை மாங்கனீசிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும். இதில் அதிகம் ஆராயப்பட்டது பேசில்லஸ் வகைக் கடல் பாக்டீரியா ஒன்று. அது உறங்கு நிலையில் இருக்கும்போதுதான், அதாவது வித்தாக மாறிக் கிடக்கும்போதுதான், இந்த வேலையைச் செய்கிறது. வித்தின் வெளியுறையில் அந்த நொதி உட்கார்ந்திருக்கிறது. உயிர்ச் செயல்பாடு ஏறக்குறைய நின்றுபோன ஒரு துகள் தன்மேல் கறுப்புப் படிவைச் சேர்த்துக்கொண்டே போவதை எத்தனை முறை பாடம் நடத்தினாலும் எனக்கு வியப்பு தீருவதில்லை.

வேறு சில பாக்டீரியாக்கள் ஹீம் என்ற இரும்புள்ள மூலக்கூறு கொண்ட பெராக்சிடேஸ் நொதிகளைப் பயன்படுத்துகின்றன. ரோசியோபாக்டர் குழுவைச் சேர்ந்த ஒன்று சூப்பர்ஆக்சைடு என்ற தீவிர ஆக்சிஜன் வடிவத்தைத் தன் உடலுக்கு வெளியே விடுகிறது, மாங்கனீசு அதனோடு வினைபுரிகிறது. சில பூஞ்சைகளும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. எல்லா வழியிலும் முடிவில் பெரும்பாலும் கிடைப்பது பிர்னசைட் கனிமத்தை ஒத்த, படிக ஒழுங்கு குறைந்த, மெல்லிய ஏடுகளாலான மாங்கனீசு ஆக்சைடு.

5. இதனால அதுக்கு என்ன லாபம்? சும்மாவா செய்யும்?

நியாயமான கேள்வி. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அந்த ஆற்றலில் பிழைக்கும் பாக்டீரியாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தெரியும். மாங்கனீசிலும் அப்படி வாழ முடியும் என்று வேதியியல் கணக்கு சொன்னது. ஆனால் அப்படி வாழும் உயிரை நூறாண்டுக்கு மேல் தேடியும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது தெரியவந்தது 2020-ல்தான். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜாரெட் லெட்பெட்டர் மாங்கனீசு கார்பனேட் படிந்த ஒரு கண்ணாடிச் சாடியைக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு வெளியூர் போயிருந்தார். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது சாடி கறுத்திருந்தது. அவரும் ஹாங் யூவும் அதற்குக் காரணமான பாக்டீரியாக் கூட்டத்தை வளர்த்தெடுத்தார்கள். மாங்கனீசிலிருந்து கிடைக்கும் ஆற்றலை வைத்தே அது கார்பன் டை ஆக்சைடைத் தன் உடலாக மாற்றிக்கொள்கிறது என்று நிரூபித்தார்கள். அதில் முக்கியமானதற்கு அவர்கள் வைத்த பெயர் மாங்கனிட்ரோபஸ் நோடுலிபார்மன்ஸ். வளர்ப்புக் குடுவையில் அது மிகச் சிறிய மாங்கனீசு உருண்டைகளையே உண்டாக்கியது.

முந்தைய பதிலில் சொன்ன மற்றவை ஆற்றலுக்காக இதைச் செய்வதாகத் தெரியவில்லை. நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களிலிருந்து தற்காப்பு, தன்னைச் சுற்றிக் கவசம், கடினமான கரிமப் பொருளை உடைத்து உணவாக்குவது எனப் பல விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன.

6. ஒரு உருண்டை வளர எவ்வளவு காலம் ஆகும்?

இடத்தைப் பொறுத்தது. ஆழ்கடலில் கடல்நீரிலிருந்து நேரடியாக வளர்பவை பத்து லட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டர்தான் தடிக்கின்றன. சேற்றுக்குள்ளிருந்து மேலே கசிந்துவரும் மாங்கனீசை வாங்கி வளர்பவை இன்னும் வேகம். பெரு படுகையில் பத்து லட்சம் ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பல உருண்டைகளுக்கு இரு வழியும் சேர்ந்தே நடக்கிறது. மேல்பக்கம் கடல்நீரால் வளர்ந்து வழவழப்பாகவும், அடிப்பக்கம் சேற்றால் வளர்ந்து சொரசொரப்பாகவும் இருக்கும்.

பால்டிக் கடலிலும் நன்னீர் ஏரிகளிலும் கிடைப்பவை வேறு கதை. அங்கே நூற்றாண்டுக் கணக்கிலேயே கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி உண்டு. சுவீடனின் ஸ்மோலாந்து பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டு, அடியில் கிடந்த இரும்பு உருண்டைகளை அள்ளி உருக்கியிருக்கிறார்கள். சில பத்தாண்டு விட்டால் அதே ஏரியில் மறுபடி அள்ளலாம்.

7. பாக்டீரியா பல்லாயிரம் மடங்கு வேகப்படுத்துதுன்னீங்க. அப்புறம் பத்து லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்னு சொல்றீங்க. இடிக்குதே?

இதைக் கேட்கும் மாணவர் விஷயத்தைப் பிடித்துவிட்டார் என்று பொருள். இரண்டும் உண்மை. ஆழ்கடலில் தட்டுப்பாடு சரக்கில்தான், வேகத்தில் இல்லை. அங்கே ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் மாங்கனீசு பத்து நானோகிராம் அளவில்தான் இருக்கும். எவ்வளவு வேகமான நொதி இருந்தாலும் அதைவிட அதிகமாக எடுத்து ஒட்டவைக்க முடியாது. மேலும் அங்குள்ள மாங்கனீசில் ஒரு பகுதி ஏற்கெனவே ஆக்சைடாகி, நுண்துகளாக மிதந்துவந்து உருண்டையில் ஒட்டுகிறது. அந்த முதல் ஆக்சிஜனேற்றம் மேலே நீர்ப்பரப்பில் எங்கோ நடந்திருக்கலாம், பாக்டீரியாவாலும் நடந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஆக்சைடுப் பரப்பு ஒருமுறை உருவாகிவிட்டால் அதுவே அடுத்து வரும் மாங்கனீசை ஈர்த்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். அதற்கு உயிர் தேவையில்லை.

ஏரி, பால்டிக் கடல், வயல் ஆகியவற்றில் கரைந்த மாங்கனீசு ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். சரக்கு குவிந்து கிடக்கும் அங்கேதான் பாக்டீரியாவின் வேகம் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. ஆகவே "உருண்டையை பாக்டீரியா கட்டியது" என்ற வாக்கியம் ஏரி உருண்டைக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆழ்கடல் உருண்டையைப் பற்றி அதே உறுதியோடு சொல்வதை நான் ஏற்பதில்லை.

8. மாங்கனீசைக் கரைக்கிற பாக்டீரியாவும் இருக்காமே? அது எதிரியா?

எதிரி என்று சொல்லாதீர்கள். பலருக்கும் தெரியாமல் போன பாதிக் கதை இதுதான். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்களும் நம்மைப் போல உணவை எரித்தாக வேண்டும், எரித்த பின் எலக்ட்ரானை எதிலாவது இறக்கிவைத்தாக வேண்டும். நாம் ஆக்சிஜனில் இறக்குகிறோம். அவை மாங்கனீசு ஆக்சைடிலும் இரும்புத் துருவிலும் இறக்குகின்றன. கல்லை விழுங்க முடியாது என்பதால், உடலின் வெளிச்சவ்விலுள்ள சைட்டோகுரோம் புரதங்கள் வழியாக எலக்ட்ரானை வெளியே கடத்திக் கல்லின் மேல் கொண்டு சேர்க்கின்றன. எலக்ட்ரான் கிடைத்ததும் ஆக்சைடு மறுபடி கரையும் வடிவத்துக்கு வந்துவிடும்.

இந்தத் திறனை 1980-களின் பிற்பகுதியில் இரண்டு பாக்டீரியாக்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ஒன்று டெரெக் லவ்லியின் குழு போட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்ட ஜியோபாக்டர். மற்றொன்று கென்னத் நீல்சனும் சார்லஸ் மையர்ஸும் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரியில் கண்ட ஷெவனெல்லா. ஒனைடா ஏரி மாங்கனீசு உருண்டைகளுக்குப் பெயர்போனது. அங்கே மாங்கனீசு ஆக்சைடு வெறும் வேதியியலால் விளக்க முடியாத வேகத்தில் கரைந்து மறைவதைக் கண்டுதான் நீல்சன் தேடலில் இறங்கினார்.

இப்போது ஆறாவது பதிலைத் திரும்பப் பாருங்கள். சேற்றிலிருந்து மேலே கசிந்துவரும் மாங்கனீசு என்றேன். அந்தச் சரக்கை விடுவிப்பதே இந்தக் கரைக்கும் பாக்டீரியாக்கள்தான். கீழே ஒரு கூட்டம் கரைக்கிறது. கரைந்தது ஆக்சிஜன் உள்ள மேலடுக்குக்கு ஏறி, உருண்டையின் அடிப்பக்கத்தில் மறுபடி படிகிறது. சிதறிக் கிடந்த மாங்கனீசை ஓரிடத்தில் திரட்ட வேண்டுமானால் முதலில் கரைத்தாக வேண்டும். நுண்ணுயிரிகளின் பங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் படியவைப்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

9. இரும்புக்கும் இதே பாக்டீரியாதானா? எங்க போர் தண்ணி குழாய்ல பழுப்பா வழவழன்னு ஒட்டுதே, அதுவா?

சில பொது, சில வேறு. காற்றுபடும் நீரில் இரும்பு தானாகவே நிமிடங்களில் துருவாகும் என்று இரண்டாவது பதிலில் சொன்னேன். அதனால் இரும்பை நம்பிப் பிழைக்கும் பாக்டீரியா, ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள எல்லைக் கோட்டில்தான் வேதியியலை முந்த முடியும். கேலியொனெல்லா அப்படிப்பட்டது. முறுக்கிய நாடா வடிவில் துருவை உடலிலிருந்து வெளித்தள்ளும். லெப்டோத்ரிக்ஸ் என்பது உறைக்குள் வாழும் இழை பாக்டீரியா, உறைமேல் இரும்பும் மாங்கனீசும் இரண்டுமே படியும்.

போர்க் குழாயில் ஒட்டும் பழுப்பு வழவழப்பு பல நேரம் இவற்றின் வேலைதான். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாமல் கரைந்திருந்த இரும்பு, குழாயில் முதன்முதலாகக் காற்றைச் சந்திக்கிறது. மாங்கனீசும் கூடவே இருந்தால் படிவு கறுக்கும்.

10. வயல்ல ஆழமா தோண்டுனா சின்னச் சின்னக் கறுப்பு உருண்டை வருது. கடல்ல கெடக்குறதும் இதுவும் ஒண்ணா?

பிறப்பு முறையில் உறவு, வயதிலும் சரக்கிலும் வேறு. நெல் வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும். பிறகு நைட்ரேட், அதற்குப் பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாக இறங்கும். கடைசியில் மீத்தேன் வரும். எட்டாவது பதிலில் சொன்ன எலக்ட்ரான் இறக்கும் வேலைதான் இது. இரும்பும் மாங்கனீசும் கரைந்து கீழே இறங்கும். வயலை வடித்துக் காயவிட்டதும் காற்று நுழையும் இடங்களில் மறுபடி படியும். ஆண்டுதோறும் நனைந்து காய்ந்தால் முதலில் புள்ளிகள், பிறகு சிறு உருண்டைகள். நெல் வேர் தன்னுள் கொண்டுவரும் ஆக்சிஜனை வெளியே கசியவிடுவதால் வேரைச் சுற்றியும் செம்பழுப்புப் பூச்சு ஏறும். வாய்க்காலில் நிற்கும் தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் ஓர் ஏடு படர்ந்து, எண்ணெய் கலந்துவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குச்சியால் தொடுங்கள். சில்லு சில்லாக உடைந்தால் அது பெரும்பாலும் இரும்பு ஏடு. எண்ணெய் என்றால் உடைந்தாலும் மறுபடி கூடிவிடும்.

சுக்கான் கல்லை இதோடு குழப்ப வேண்டாம். அது சுண்ணாம்பு. வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். மாங்கனீசு உருண்டையைப் பொடித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் பொங்கும். ஆனால் மண்ணிலுள்ள கரிமப் பொருளும் அதைக் கொஞ்சம் பொங்கவைக்கும் என்பதால், நன்றாகக் கழுவிய உருண்டையில்தான் இதைச் செய்து பார்க்க வேண்டும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்புறாங்கல் வெப்பமண்டலப் பாறைச் சிதைவில் நீண்ட காலம் இரும்பு தேங்கி உருவானது. அதிலும் நுண்ணுயிரிகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் மழையும் நிலத்தடி நீர்மட்ட ஏற்ற இறக்கமும்தான் அங்கே முதன்மை.

11. உருண்டைக்குள்ள பாக்டீரியாவோட டி.என்.ஏ. கிடைச்சிருக்கே. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நிறையவே வேண்டும். கடலடிச் சேறு எங்கும் பாக்டீரியா. நுண்துளைகள் நிறைந்த ஒரு கல் அங்கே லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்தால் அதற்குள் குடியேற்றம் இருப்பதில் வியப்பில்லை. குடியிருப்பதால் மட்டும் வீட்டைக் கட்டியவர் அவர்தான் என்று ஆகிவிடாது. கிளாரியன்–கிளிப்பர்டன் உருண்டைகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஆய்வில், உள்ளே ஷெவனெல்லா, கோல்வெல்லியா போன்றவை மிகுந்திருந்தன. ஷெவனெல்லா கரைக்கும் கூட்டத்துக்குப் பெயர்போனது என்று மேலே பார்த்தோம். ஆகவே உருண்டைக்குள் மாங்கனீசு படிவதும் கரைவதும் சேர்ந்த சுழற்சி நடக்கலாம் என்பதுதான் அங்கிருந்து எடுக்கக்கூடிய கருத்து. நுண்ணோக்கியில் தெரியும் பாக்டீரியா வடிவங்களும் ஏமாற்றும். உயிரற்ற படிகங்களும் இழையாகவும் குமிழாகவும் வளரும்.

நம்பத்தக்க சாட்சி வேகத்தை அளப்பதில் இருக்கிறது. ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சோடியம் அசைடு போன்ற நஞ்சிட்டு, இரண்டிலும் மாங்கனீசு எவ்வளவு வேகமாக ஆக்சைடாகிறது என்று ஒப்பிடுவார்கள். ஆக்சைடு உருவானதும் நீலமாகும் சாயமும் உண்டு. ஏரிகளிலும், கடலில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் எல்லைகளிலும் இந்த முறை தெளிவான விடை தந்திருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் வளரும் ஒன்றில் இந்த ஒப்பீட்டைச் செய்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

12. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். நிக்கல், கோபால்ட், செம்பு எல்லாம் இதுக்குள்ள எப்படி வருது?

மாங்கனீசு ஆக்சைடின் பரப்பு எதிர்மின் சுமை கொண்டது. நேர்மின் சுமையுள்ள நிக்கலும் செம்பும் அதில் ஒட்டி, ஏடுகளுக்கு இடையிலும், கனிமத்தின் உள்ளமைப்பில் குழாய் போலிருக்கும் நுண்துளைகளிலும் போய் அமர்கின்றன. கோபால்ட்டை மாங்கனீசு ஆக்சைடே ஆக்சிஜனேற்றி உள்ளே பூட்டிவிடும். இந்த உலோகங்களில் ஒரு பகுதியைக் கடலின் மேற்பரப்பிலிருந்து கீழே கொண்டுவருபவை இறந்து மூழ்கும் மிதவை உயிரிகள். நான்காவது பதிலில் சொன்ன ஒழுங்கு குறைந்த உயிர்வழி ஆக்சைடுக்குப் பரப்பளவு அதிகம் என்பதால் உறிஞ்சும் திறனும் அதிகம்.

13. சேறு படியற வேகம் உருண்டை வளர்றதைவிட அதிகம்னா, அது எப்பவோ புதைஞ்சு போயிருக்கணுமே?

ஆம், சேறு ஆயிரம் ஆண்டில் ஏறும் உயரத்தை எட்ட உருண்டைக்குப் பல லட்சம் ஆண்டு வேண்டும். கடலடி நீரோட்டம் புதுச் சேற்றைத் துடைத்துச் செல்வதும், புழுக்கள், கடல் வெள்ளரிகள் போன்றவை சேற்றைக் கிளறி உருண்டையை நகர்த்துவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எல்லாரும் ஏற்ற ஒரே விடை இதற்கு இன்னும் இல்லை. புதைந்துபோன உருண்டைகளும் உண்டு.

14. இந்த உருண்டை இருட்டுலயே ஆக்சிஜன் தயாரிக்குதாமே? அதுவும் பாக்டீரியா வேலையா?

2024-ல் ஆண்ட்ரூ ஸ்வீட்மனின் குழு வெளியிட்ட ஆய்வு அது. கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதியில் கடலடியில் வைத்த அடைப்புப் பெட்டிகளில் ஆக்சிஜன் குறைவதற்குப் பதில் கூடியது. நுண்ணுயிரிகளைக் கொல்லும் பாதரச நஞ்சு கலந்த சோதனைகளிலும் கூடியதால், அவர்கள் பாக்டீரியாவைக் காரணமாகச் சொல்லவில்லை. உருண்டையின் பரப்பில் அளந்த 0.95 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தைச் சுட்டி, நீர் மின்னாற்பகுப்பாக இருக்கலாம் என்றார்கள்.

கடும் மறுப்பு எழுந்திருக்கிறது. பெட்டியோடு இறங்கிய காற்றுக் குமிழாக இருக்கலாம் என்கிறார்கள். நீரைப் பிரிக்க அந்த அழுத்தம் போதாது என்கிறார்கள். தொடர்ந்து ஆற்றல் எங்கிருந்து வரும் என்றும் கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராதவரை இதைப் பாடமாக நடத்த எனக்கு மனமில்லை.

15. தோண்டி எடுத்தா மறுபடி வளருமா?

ஆறாவது பதிலிலுள்ள வேகத்தைப் பாருங்கள், மனிதகுலத்தின் கணக்கில் வளராது. உருண்டையைவிடச் சேற்றின் நுண்ணுயிர் வாழ்க்கை சீக்கிரம் மீளும் என்று எதிர்பார்க்கலாம். அதுவும் எளிதாக நடக்கவில்லை. 1989-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பெரு படுகையில் கடலடியை உழுது பார்த்தார்கள். 26 ஆண்டு கழித்து 2015-ல் திரும்பிப் போனபோது உழுத தடம் அப்படியே தெரிந்தது. தடத்தில் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கையும் செயல்பாடும் குறைந்தே இருந்தன. முழுதாக மீள 50 ஆண்டுக்கு மேல் ஆகலாம் என்று கணித்தார்கள்.

இந்தியாவுக்கு மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டுள்ளது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய வராஹா என்ற ஊர்தி 2021-ல் அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் ஓடிப் பார்த்திருக்கிறது. அந்தச் சேற்றில் கரைப்பவை எவை, படியவைப்பவை எவை, அள்ளிய பின் அவற்றுக்கு என்ன ஆகும் என்பதை வணிகச் சுரங்கம் தொடங்கும் முன்பே அளந்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உழுத பிறகு அளக்கப் போனால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

16. சரி, பாக்டீரியாவை வச்சு லேப்லயே உருண்டை வளர்த்துடலாமே?

கால்டெக் பாக்டீரியா வளர்த்தவை மில்லிமீட்டருக்கும் சிறியவை, அவற்றில் ஆழ்கடல் உருண்டையின் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. உலோகம் எடுக்க இது வழியில்லை. ஆனால் இதே வினை வேறொரு இடத்தில் பல காலமாகப் பயன்படுகிறது. மாங்கனீசு மிகுந்த நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் சில சுத்திகரிப்பு நிலையங்களில், மணல் வடிகட்டியில் இந்த பாக்டீரியாக்களைக் குடியேறவிடுகிறார்கள். புது மணல் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கறுக்கத் தொடங்கும். கறுத்த மணல்தான் நன்றாக வேலை செய்யும், ஏழாவது பதிலில் சொன்னபடி படிந்த ஆக்சைடே அடுத்த மாங்கனீசைப் பிடித்துக்கொள்வதால். அதனால் வடிகட்டியைப் பராமரிப்பவர்கள் அந்தக் கறுப்பை அழுக்கு என்று முழுவதும் கழுவிவிடக் கூடாது. குளோரினை வடிகட்டலுக்கு முன்னால் தாராளமாகக் கலந்தால் பாக்டீரியாவும் போய்விடும்.